கோயம்புத்தூரில் மழை

கடம்பூர்ப் போளியைச் சூடாகத் தின்ன வேண்டும் என்று சொல்பவனுக்குப் போளியைப் பற்றி ஒன்றும் தெரியாது. கல்லிலிருந்து எடுத்து வாழையிலையில் சுற்றி இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும். அப்போதுதான் நெய் உள்ளே இறங்கும். நேற்று உங்கள் காவலர் ஒருவர், வயதானவன் என்று இரக்கப்பட்டு, எனக்குச் சூடாக ஒன்று வாங்கி வந்தார். தின்றேன். குறை சொல்லவில்லை.

இன்ஸ்பெக்டர் அம்மா, உங்கள் எழுத்தர் எழுதிய வாக்குமூலத்தை வாசித்தேன். என் வயதைக் கூட்டிவிட்டார், என் தொழிலைக் குறைத்துவிட்டார். அது போகட்டும். ஓரிடத்தில் நான் அழுதேன் என்று எழுதியிருக்கிறார். நான் அழவில்லை. இடது கண்ணில் புரை இருக்கிறது, பங்குனிக் காற்றுக்கு நீர் வடியும். கையெழுத்துப் போட மறுத்தது அதனால்தான். தாள் கேட்டேன், கொடுத்தீர்கள். நானே எழுதித் தருகிறேன். எழுதியதை மாற்ற வேண்டாம்.

என் பெயர் தங்கப்பாண்டியன். வயது எழுபத்தாறு. கோவில்பட்டியில் எங்கள் தீப்பெட்டி எரியாத அடுப்பு ஒரு காலத்தில் இல்லை. கடம்பூர்ச் சாலையில் இருந்த எங்கள் பழைய தொழிற்சாலையை மூடியபோது ஆளுக்கு ஆள் விலை கேட்டார்கள். கல்யாண மண்டபம் கட்ட ஒருவன், பெட்ரோல் பங்க் வைக்க ஒருவன். கொடுக்கவில்லை. என் தாயார் பத்திரகாளியம்மாள் பெயரில் பெண்பிள்ளைகளுக்கு இல்லம் ஆக்கினேன். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. தாய் தகப்பன் இல்லாதது, இருந்தும் இல்லாதது, நாகலாபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவில் மழை பொய்த்துப் பிழைப்புத் தேடிப் போனவர்கள் விட்டுவிட்டுப் போனது, எல்லாம் வரும். சோறு போட்டேன், பள்ளிக்கூடம் அனுப்பினேன். ஊரில் சிலர் ஒரு மூட்டை அரிசி கொடுத்துவிட்டு, பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, அரிசி மூட்டையோடு படம் எடுத்துக்கொண்டு போவார்கள். நான் ஒரு படம் எடுத்ததில்லை. இதை நினைவில் வையுங்கள்.

போன ஆடியில் பெருமாயி இல்லத்துக்கு வந்தாள். வயது பன்னிரண்டு. பதிவேட்டைப் பார்த்திருப்பீர்கள். பெற்றோர் இல்லை, ஊர் எப்போதும்வென்றான் பக்கம், கொண்டுவந்து சேர்த்தவர் நிர்வாகி. எழுத்து என்னுடையது. அப்படி ஒரு பிள்ளை வந்தால் குழந்தைகள் நலக் குழுவுக்கு முன்னால் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். நிறுத்தவில்லை. அந்தச் சட்டத்தை எழுதியவர்களில் எத்தனை பேர் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு ஒருவேளை சோறு போட்டிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

பிள்ளை வந்த அன்றே வார்டன் சங்கரம்மாளுக்கு மூக்கு வேர்த்துவிட்டது. தலை பின்னப் போனவள் என்னிடம் திரும்பி வந்தாள்.

"முதலாளி, கல்லு மண்ணு சொமந்தவ பெத்த பிள்ளைங்கிய. கையைப் பாத்தீயளா? பஞ்சு மாதிரி இருக்கு. தட்டைக் கழுவச் சொன்னா, எங்கன கழுவணும்னு கேக்குது."

"உன் சோலியைப் பாரு" என்றேன். பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக என் உப்பைத் தின்கிறவள், சொன்னால் கேட்பாள் என்று நம்பினேன். ஆட்களைப் பற்றி நான் போட்ட கணிப்பில் தவறியது இவள் ஒருத்தியிடம்தான்.

மற்ற நாற்பது பிள்ளைகளும் எட்டே முக்காலுக்கு வரிசையாகப் பள்ளிக்கூடம் போகும். பெருமாயி போகமாட்டாள். கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு வரிசை சாலை திரும்பும் வரை நிற்பாள். பிறகு சமையலறைக்குப் போய் உள்ளி உரிப்பாள். சாயங்காலம் மற்றவர்கள் வந்ததும் அவர்களின் புத்தகத்தை வாங்கிப் படிப்பாள், சின்னதுகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுப்பாள். இந்தக் காலத்தில் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஆதார் கேட்கிறார்கள், விரல்ரேகை கேட்கிறார்கள், எண் கொடுத்து எங்கோ ஒரு கணினியில் ஏற்றுகிறார்கள். பெருமாயிக்கு ஆதார் இல்லை என்று சொன்னேன். இருந்தது. என் பீரோவில் இருந்தது, பத்ரா என்ற பெயரில்.

பத்ரா என் மகன் முத்துசெல்வத்தின் இளைய மகள். என் பேத்தி.

என் தாயார் பெயரில் முன்பாதியை எடுத்து, காலத்துக்கு ஏற்றபடி பத்ரா என்று நான்தான் வைத்தேன். பெருமாயி என்ற பெயரையும் நான்தான் வைத்தேன். தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்து செத்துப்போன ஒருத்தியின் பெயர். அந்தப் பெயருள்ள பிள்ளையை யாரும் இரண்டாம் தடவை ஏறிட்டுப் பார்க்கமாட்டார்கள் என்று கணக்கிட்டேன். சரியாக இருந்தது. முதல் இரண்டு நாள் பெருமாயி என்று கூப்பிட்டால் அவளுக்கு உறைக்கவில்லை. மூன்றாம் நாள் திரும்பினாள்.

காரணத்தைக் கேட்டீர்கள். போன வைகாசியில் அவளுக்கு முதல் வலிப்பு வந்தது. பூஜை அறையில், விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தபோது. எங்கள் மூன்று தலைமுறையில் யாருக்கும் இல்லாதது. என் மருமகள் ஜெயப்பிரியா அலறினாள். நான் அலறவில்லை. வலிப்புக்கு இரும்பு கொடுக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தலைவாசல் பூட்டின் இரண்டாவது சாவி ஆணியில் தொங்கியது. சாண் நீளச் சாவி, என் தகப்பனார் காலத்தது, தலையில் அவர் பெயரின் முதலெழுத்துகள் பொறித்து, அவை தேய்ந்தும் போயிருந்தன. அதை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிப் பிடித்தேன். நின்றது. மறுநாள் ஜெயப்பிரியா சிவப்பும் கறுப்புமாக நூலைத் திரித்து அந்தச் சாவியைக் கோத்துப் பிள்ளையின் இடுப்பில் கட்டிவிட்டாள். பத்து நாளில் இன்னொரு தடவை வந்தது.

"மதுரைக்குக் கூட்டிட்டுப் போய்ப் பெரிய டாக்டர்ட்ட காட்டுவோம் மாமா" என்றாள் ஜெயப்பிரியா.

மதுரையில் இருபத்தெட்டு வீடு எங்கள் சொந்தக்காரர்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருத்தி பார்த்தால் போதும், சாயங்காலத்துக்குள் சாத்தூர் வரை போய்விடும். அதே வாரம்தான் மூத்த பேத்தி ஐஸ்வர்யாவுக்கு விருதுநகரிலிருந்து மாரிராஜ் வீட்டுச் சம்பந்தம் பேச்சு வந்திருந்தது. எங்கள் பக்கம் பெண் எடுப்பவர்கள் நகையைக் கேட்பதற்கு முன்னால் நோயைக் கேட்பார்கள். கடைத்தெருவில் நாலு கடை ஏறி இறங்குவார்கள். வெண்புள்ளி உண்டா, வலிப்பு உண்டா, தண்டவாளத்தில் விழுந்தவன் உண்டா. என் வீட்டைப் பற்றி அப்படி ஒருவன் கேட்டு, கடைக்காரன் பதில் சொல்லுமுன் ஒரு கணம் யோசித்தான் என்றாலே போதும், எழுபது வருஷப் பெயர் போய்விடும். என் மகன் என்ன செய்தான் என்று கேட்கிறீர்கள். அவன் எப்போதும் செய்வதைச் செய்தான். "அப்பா சொல்லுததுதான்" என்றான்.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய பள்ளி, விடுதிக்குள்ளேயே டாக்டர், ஒரு வருஷம் முடியும் வரை பிள்ளையை வீட்டுக்கு விடமாட்டார்கள், சேர்த்துவிட்ட நான் தவிர பெற்றவர்களும் பார்க்கக்கூடாது என்று விதி. அப்படி ஒரு பள்ளி உண்டு என்று வீட்டில் சொன்னேன். நான் சொன்னால் என் வீட்டில் மறுகேள்வி கிடையாது. ஏன் நிஜமாகவே கோயம்புத்தூருக்கு அனுப்பவில்லை என்றால், நிஜப் பள்ளி நிஜச் சான்றிதழ் கேட்கும். ஒருநாள் காலை நானே காரை ஓட்டினேன். ஜெயப்பிரியா தெருமுனை வரை கூடவே நடந்து வந்தாள். எட்டயபுரம் வரை போய், அங்கே பிள்ளைக்கு இட்லி வாங்கிக் கொடுத்து, திரும்பி வந்து ஊருக்குள் நுழையாமல் சுற்றிக்கொண்டு கடம்பூர்ச் சாலையைப் பிடித்தேன். வழியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொல்லி ஏமாற்றவில்லை. அக்கா கல்யாணம் முடியும் வரை நீ பெருமாயி. யாரிடமும் வாய் திறக்கக்கூடாது. என்னை ஐயா என்று கூப்பிட வேண்டும். காருக்குள் மட்டும் தாத்தா.

"கல்யாணத்துக்கு நான் வரணும்லா தாத்தா?"

"கல்யாணத்துக்கு மறுநாள் நானே வந்து கூட்டிட்டுப் போறேன். நீ வாய் தொறந்தேன்னு வையி, கல்யாணமும் கெடையாது, வீடும் கெடையாது."

"தொறக்க மாட்டேன்" என்றாள். சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் குடும்பம் என்றால் என்னவென்று புரிந்தது. நாற்பத்தெட்டு வயதில் அவள் அப்பனுக்கு இன்னும் புரியவில்லை.

அவளுடைய கம்மல், செருப்பு, பள்ளிப்பை, கைக்கடிகாரம், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். சாவியை மட்டும் விட்டுவிட்டேன். இரும்பு இல்லாவிட்டால் வலிப்பு நிற்காது. நாற்பது பிள்ளைகள் பார்க்க விழுந்து உதறினால் அது இன்னொரு தலைவலி.

ஞாயிறுதோறும் போனேன். நாற்பத்தொரு போளி வாங்கிப் போவேன். ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்தால் கண்ணில் படும் அல்லவா. பிறகு, தோட்டத்துக்குக் களை எடுக்க ஆள் வேண்டும் என்று பெருமாயியைக் காரில் ஏற்றிக்கொண்டு அரை மைல் தள்ளிப் போய், கண்ணாடியை ஏற்றிவிட்டு, என் போனில் ஜெயப்பிரியாவைக் கூப்பிட்டுக் கொடுப்பேன். கோயம்புத்தூருக்குப் போயிருக்கிறேன் என்று வீட்டில் நினைப்பு. பேத்தி மேல் மாமாவுக்கு உயிர் என்று ஜெயப்பிரியா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாளாம்.

"ஏட்டி, சாப்பிட்டியா? என்ன போட்டாவ?"

"பூரிம்மா. கெழங்கு வச்சு."

அன்றைக்கு இல்லத்தில் உப்புமா.

"அங்கன குளிருதாட்டி?"

"மழைம்மா. இங்க எப்பவும் மழைதான். சன்னலைத் தொறந்தா மலை தெரியுது. போர்வை தந்திருக்காவ, நீலக் கலர்ல."

புரட்டாசி மாதம். காருக்கு வெளியே கரிசல் பாளம் பாளமாக வெடித்து, கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும் அளவுக்கு வாய் பிளந்து கிடந்தது. மழை, மலை, நீலப் போர்வை, இதில் எதையும் நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அவளாகச் சேர்த்துக்கொண்டாள். போனை வைத்ததும் கண்ணாடியைப் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போலாம் தாத்தா" என்பாள். ஐஸ்வர்யா கல்யாணத்துக்கு இன்னும் எத்தனை ஞாயிறு என்று ஒவ்வொரு வாரமும் கேட்பாள். சொல்வேன்.

இனி ராமலட்சுமி. உங்களிடம் என்னைக் காட்டிக் கொடுத்தவள். குறை உள்ள பிள்ளைகளைத் தேடிப் பிடித்துப் பாடம் சொல்லும் ஆசிரியை, அரசாங்கச் சம்பளம், புதன்கிழமைகளில் ஸ்கூட்டரில் வருவாள். மூச்சுக்கு மூன்று தடவை 'உள்ளடக்கிய கல்வி' என்பாள். கார்த்திகையில் இல்லத்துச் சுவரில் ஒரு படத்தைக் கொண்டுவந்து ஒட்டினாள். பிள்ளைகள் எல்லாம் கைகோத்து நிற்கின்றன. சக்கர நாற்காலியில் இருக்கிற பிள்ளைகூடச் சிரிக்கிறது. அது எதற்குச் சிரிக்கிறது என்று கேட்டேன்.

"கூட்டத்தோட இருக்கோம்னு சிரிக்குது ஐயா."

நல்ல பதில்தான். சம்பளம் வாங்குகிறவர்களுக்கு எல்லாவற்றுக்கும் பதில் இருக்கும்.

அதற்கு அடுத்த புதன்கிழமை துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பெருமாயிக்கு வலிப்பு வந்ததை அவள் பார்த்துவிட்டாள். நான் போனபோது பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தன் துப்பட்டாவைத் தலைக்கு அடியில் வைத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையின் கையில் சாவியைக் கொடு என்று சங்கரம்மாளிடம் சொன்னேன். ராமலட்சுமி சிரித்தாள்.

"ஐயா, வலிப்பு ரெண்டு நிமிசத்துல தன்னால நிக்கும். நீங்க சாவியக் குடுத்துட்டு, சாவிதான் நிப்பாட்டிச்சுன்னு சொல்லுதீய. விடியுத நேரம் பாத்து நீங்க கூவுனாலும் விடியத்தான் செய்யும்."

வேலைக்காரிகள் சிரித்தார்கள். என் இல்லத்தில், என் முன்னால்.

பிறகு அவள் ஒழுங்காகவே பேசினாள், அதையும் எழுதிவிடுகிறேன். இது பேயும் இல்லை, கண்ணேறும் இல்லை, மாத்திரையை விடாமல் கொடுத்தால் பத்தில் ஏழு பேருக்கு நின்றேவிடும், இந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம், ஓடலாம், எல்லாரையும்போல இருக்கலாம் என்றாள். "ஒண்ணே ஒண்ணு மட்டும் ஐயா. தண்ணித் தொட்டிப் பக்கம் தனியா விட்டுறாதீய. தனியா ரூம்ல போட்டு அடைச்சுறாதீய. பக்கத்துல ஆளு இருக்கணும்." மாற்றுத்திறனாளி அட்டை வாங்கலாம், ஆதார் மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்றாள். என் இல்லத்தில் அப்படி யாரும் இல்லை என்றேன். "இந்தா இருக்காளே" என்றாள். இல்லை என்றேன். அவள் அரசு ஆஸ்பத்திரியில் எப்படியோ எழுதி வாங்கி மாதாமாதம் மாத்திரை கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். அந்த அட்டைகள்தான் என் மேஜை இழுப்பறையில் நீங்கள் எடுத்தவை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை என்று குறித்துக்கொண்டீர்கள். உண்மை. தினமும் மாத்திரை தின்கிற பிள்ளை என்றால் நோயாளி என்று நாமே முத்திரை குத்தியதாகும். கல்யாணம் முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். முறை என்று ஒன்று இருக்கிறது.

மாசியில் கல்யாணம். அதற்குப் பதினொரு நாள் முன்னால் என் தாயாரின் நினைவு நாள். வருஷாவருஷம் அன்று இல்லத்துப் பிள்ளைகளுக்கு இலை போட்டுச் சாப்பாடு. இதை மாரிராஜ் கேள்விப்பட்டு, தன் குடும்பத்தோடு வந்து தன் கையால் பரிமாற வேண்டும் என்றார். சம்பந்தி கேட்டால் மறுக்க முடியுமா. அவர்கள் வந்தால் ஜெயப்பிரியாவும் ஐஸ்வர்யாவும் வராமல் இருக்க முடியுமா.

அன்று காலை பெருமாயியை நானே கூட்டிக்கொண்டு போய்ப் பழைய மருந்தறையில் விட்டேன். தீக்குச்சிக்கு வைக்கும் மருந்தை அந்தக் காலத்தில் அங்கே பூட்டி வைத்திருந்தோம். கனத்த சுவர், இரும்புக் கதவு, மேலே தகரம், எட்டாத உயரத்தில் ஒரு கம்பி ஜன்னல். செம்பில் தண்ணீர், ஒரு கதைப் புத்தகம், இலையில் சுற்றிய போளி வைத்தேன். கொடுமைக்காரன் செய்கிற வேலையா இது என்று நீங்களே பாருங்கள்.

கதவைச் சாத்தும்போது கேட்டாள். "அம்மா வருதாவளா?"

யார் சொன்னது என்றேன். சங்கரம்மாள் இலை எண்ணும்போது பெயர் சொன்னாள் என்றாள்.

"ஜன்னல் வழியா ஒரே ஒரு தடவை பாத்துக்கிடட்டா தாத்தா? நான் பேச மாட்டேன்."

"கல்யாணம் முடியட்டும்."

செம்பை ஓரமாக நகர்த்தி வைத்தாள். பிறகு, "சரி ஐயா" என்றாள். காருக்கு வெளியே இருக்கிறோம் என்று அவளுக்கே நினைவு வந்துவிட்டது. பூட்டினேன். அந்த அறைச் சாவியை என் இடுப்பில் செருகிக்கொண்டேன்.

பன்னிரண்டரைக்கு இலை போட்டார்கள். மருந்தறைக்கும் பந்திக்கும் நடுவில் முப்பது அடி இருக்கும். ஜெயப்பிரியா கேசரி வாளியோடு வந்தாள். ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயர் கேட்டுக் கேட்டுப் பரிமாறினாள். "இதுகளைப் பாத்தா நம்ம பத்ரா ஞாபகமாவே இருக்கு மாமா. அங்கன அவளுக்கு யாரு பக்கத்துல உக்காந்து போடுதாவளோ" என்றாள். அப்போதுதான் தட்டும் சத்தம் கேட்டது.

முதலில் ஒழுங்காகக் கேட்டது. தட்டி, நிறுத்தி, தட்டி. கையில் எதையோ வைத்துத் தட்டுவதுபோல இரும்பில் இரும்பு படும் சத்தம். பந்தியில் இருந்த நாற்பது தலையும் நிமிர்ந்தன. உள்ளே யார் என்று நாற்பதுக்கும் தெரியும். ஒன்றும் வாய் திறக்கவில்லை. ஒரு சின்னது இலையை விட்டு எழுந்தது. சங்கரம்மாள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"என்ன அண்ணாச்சி, கொல்லுப் பட்டறை வேலை ஏதும் நடக்குதா?" என்றார் மாரிராஜ்.

"மோட்டாரு. பேரிங் போயிருச்சி. மாத்தணும்."

"மாத்திருங்க, மாத்திருங்க. நம்ம முழங்காலு மாதிரி ஆயிரும்."

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயப்பிரியாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்குக் குனிந்தாள். சத்தம் அப்போது மாறியது. ஒழுங்கு போய்விட்டது. கதவில் எல்லாம் சேர்ந்து படுவதுபோல, நிறுத்தமில்லாமல், வேகமாக. அது என்ன என்று எனக்குத் தெரியும். பூஜை அறைத் தரையில் அதே சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். தெரியாமல் நடந்தது என்று என் வக்கீல் எழுதச் சொல்கிறார். வக்கீல்கள் எதையும் எழுதச் சொல்வார்கள். எனக்குத் தெரியும். எழுந்து போய்க் கதவைத் திறக்க ஒரு நிமிஷம் போதும். திறந்தால் ஜெயப்பிரியா பார்ப்பாள், மாரிராஜ் பார்ப்பார். நான் ரசத்தைக் கொண்டுவரச் சொன்னேன்.

பாயசம் வரும்போது சத்தம் நின்றிருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டார்களாக்கும் என்று மாரிராஜ் சொன்னார். பந்தி முடிந்து, தாம்பூலம் கொடுத்து, சம்பந்தியைக் கார் வரை கொண்டுபோய் விட்டேன். ஜெயப்பிரியாவும் ஐஸ்வர்யாவும் ஏறிப் போனார்கள். சாலையில் தூசி அடங்கியதும் திறந்தேன். சத்தம் மாறியதிலிருந்து நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது. கதவுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தாள். செம்பு உருண்டு கிடந்தது. போளியில் பாதியைத் தின்று, மீதியைத் திரும்ப இலையில் சுற்றி வைத்திருந்தாள். நின்று நின்று வந்திருக்கிறது, புரட்டிப் போட்டு ஓர் ஊசி போட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று பிறகு டாக்டர் சொன்னார். அவரும் சம்பளக்காரர்தான்.

விசாரணை ஒரே நாளில் முடிந்தது. அநாதைப் பிள்ளை, வலிப்பு, விழுந்தது, இறந்தது. என் சொல்லைத் தாண்டி யாரும் எழுதவில்லை. அநாதைப் பிணங்களைப் புதைக்கும் இடத்தில் குழி வெட்டினார்கள். யார் மண் போடுவது என்று வெட்டியான் கேட்டான். நிர்வாகி என்ற முறையில் நானே போட்டேன். மூன்று பிடி. சொந்தத் தாத்தா கையால் மண் விழுந்தது. அந்த இடத்தில் கிடக்கிற வேறு எந்தப் பிள்ளைக்கு அது கிடைத்தது? அந்த ஞாயிற்றுக்கிழமை ஜெயப்பிரியா போனைக் கேட்டாள். பிள்ளைக்குப் பரீட்சை என்றேன்.

கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. ஒரே ஓரிடத்தில்தான் சிக்கல். தாலித் தட்டைப் பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டு அனுப்பவேண்டும் என்பது எங்கள் வழக்கம், குடும்பத்துக்குப் பெரியவன் நான். தட்டு என்னிடம் வந்தது. நான் தொடவில்லை. பதினாறு நாள் தீட்டு முடியவில்லை. மற்றவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியுமே. தீட்டுக் கையோடு தாலியைத் தொடுவதா. முறை தவறி நடக்க என்னால் முடியாது. கும்பிட்டுவிட்டுத் தட்டை நகர்த்தினேன். ஏன் மாமா தொடவில்லை என்று ஜெயப்பிரியா கேட்டாள். கையில் எண்ணெய் என்றேன். என் கையைப் பார்த்தாள். எண்ணெய் இல்லை. மணவறைப் பக்கம் போய்விட்டாள்.

மறுவீடு முடிந்த அன்று ராமலட்சுமி வீட்டுக்கு வந்தாள். குளிப்பாட்டும்போது பிள்ளையின் மடங்கிய விரலுக்குள்ளிருந்து சங்கரம்மாள் சாவியை எடுத்திருக்கிறாள். என்னிடம் சொல்லாமல் ராமலட்சுமியிடம் கொடுத்திருக்கிறாள். தேய்ந்த எழுத்தை இவள் தடவித் தடவி வாசித்து, தெருத் தெருவாக விசாரித்து என் வாசலுக்கு வந்துவிட்டாள். ஜெயப்பிரியா கோலப்பொடிக் கையோடு நின்றாள். பெருமாயி செத்த கதையை ராமலட்சுமி சொல்லச் சொல்லச் சாவியை வாங்கினாள். நூலைப் பார்த்தாள், சிவப்பும் கறுப்பும். அவள் அலறவில்லை, இதைச் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்கு வந்த இருபத்தாறு வருஷத்தில் கற்றுக்கொண்டிருக்கிறாள். சாவியைத் தலைவாசல் பூட்டில் போட்டுத் திருப்பினாள். திரும்பியது. மறுபடி பூட்டினாள், திறந்தாள், பூட்டினாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தத் தீட்டுக்குத்தான் தொடலையா மாமா?"

நான் ஆமாம் என்றேன். அவளிடம் பொய் சொல்ல எனக்கு அவசியம் இருக்கவில்லை. கல்யாணம்தான் முடிந்துவிட்டதே.

ஆகவே, இன்ஸ்பெக்டர் அம்மா, பூட்டியது நான். கேட்டுக்கொண்டிருந்ததும் நான். திறக்கக்கூடாது என்று முடிவெடுத்து உட்கார்ந்திருந்ததும் நான். இதில் என் மகனுக்கோ வேறு யாருக்கோ பங்கு இல்லை. தண்டனை எதுவானாலும் குறைக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன்.

ஆனால் கொடூரம் என்று உங்கள் எழுத்தர் எழுதியிருக்கிறாரே, அந்தச் சொல் பொருந்தாது. யோசித்துப் பாருங்கள். முப்பது அடியில் அவளைப் பெற்றவள் நின்றாள். அவள் குரல் உள்ளே கேட்டிருக்கும். அம்மா என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் ஜெயப்பிரியா வாளியைப் போட்டுவிட்டு ஓடியிருப்பாள், என்னால் தடுத்திருக்க முடியாது. அவள் கூப்பிடவில்லை. கதவைத் தட்டினாள், அவ்வளவுதான். வாய் திறக்கமாட்டேன் என்று சொன்னாள், திறக்கவில்லை. என் வீட்டில் எனக்கு அடுத்தபடி குடும்ப மானம் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். இதை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் காப்பாற்றினோம்.

ஒரே ஒரு விண்ணப்பம். உங்கள் காகிதங்களில் இறந்தவர் பெயர் பத்ரா, தந்தை பெயர் முத்துசெல்வம் என்று போட்டிருக்கிறது. ஐஸ்வர்யா புகுந்த வீட்டில் இன்னும் வேர் பிடிக்கவில்லை. பெருமாயி, பெற்றோர் இல்லை என்றே பழையபடி எழுதிவிடுங்கள். பிள்ளையைக் கேட்டிருந்தால் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.